கரையேறத் தெரிந்தால் இறங்கத் தயங்காது

"நாய்க்கு யாரும் நீச்சல் சொல்லித்தர வேண்டாம், தூக்கிப் போட்டால் தானாக நீந்திவிடும்" என்று ஊர்க் கிணற்றடியில் சொல்லிவந்த பேச்சு, சிங்கப்பூரில் நாய்களுக்கென்றே கட்டியிருக்கும் நீச்சல்குளங்களின் ஓரத்திலும் கேட்கிறது. அதில் பாதி உண்மை. அமெரிக்காவின் வெஸ்ட் செஸ்டர் பல்கலைக்கழக உயிரியலாளர் ஃபிராங்க் ஃபிஷ்ஷும் அவருடைய குழுவினரும் பல இன நாய்களை நீந்தவிட்டு, நீருக்கடியில் படம்பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள். மடியில் அடங்கும் யார்க்‌ஷயர் டெரியரும், ஆள் எடை இருக்கும் நியூஃபவுண்ட்லாந்தும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் கால் வீசின. தரையில் ஓடும்போது கால்கள் இயங்கும் முறையையே சற்று மாற்றி நாய் நீரிலும் பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே தண்ணீரில் விழுந்த நாய் காலை அடிக்கும் என்பது சரி. அதிலிருந்து "நாய்க்குத் தண்ணீர் பழகிவிட்டது" என்ற முடிவுக்குத் தாவுவதுதான் தவறு. கால் அடிப்பது உடம்பின் வேலை. அஞ்சாமல் இறங்குவது மனத்தின் வேலை. இரண்டாவதைத் தருவது நீந்தும் திறமைகூட அல்ல. எந்த நேரமும் வெளியே வந்துவிட முடியும் என்று அந்த நாய்க்கு உறுதியாகத் தெரிந்திருப்பதுதான் அதைத் தருகிறது. அதனால் குளத்தைப் பழக்கும் பாடம் கரையேறுவதிலிருந்து தொடங்க வேண்டும். இதற்குச் சான்றுகள் நூறாண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன.

முதல் சான்று ஒரு வெள்ளத்திலிருந்து கிடைத்தது. 1924 செப்டம்பர் 23 அன்று லெனின்கிராட் நகருக்குள் பெருவெள்ளம் புகுந்தது. மணியோசைக்கும் விளக்கொளிக்கும் உமிழ்நீர் சுரக்க நாய்களைப் பழக்கி உலகப் புகழ் பெற்றிருந்த இவான் பாவ்லோவின் ஆய்வகம் அங்கேதான் இருந்தது. நாய்க்கூடங்களோ ஆய்வகக் கட்டடத்திலிருந்து சிறிது தூரம் தள்ளி இருந்தன. புயலுக்கும் அலைக்கும் நடுவில் பணியாளர்கள் நாய்களைச் சிறு சிறு கூட்டமாக நீந்தவைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நாய்கள் நீந்தின, பிழைத்தன. ஆனால் சில நாய்களிடம் மாதக்கணக்கில் பழக்கிய பழக்கங்கள் எல்லாம் அன்றோடு காணாமல் போயிருந்தன. பாடுபட்டு அவற்றைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு, பாவ்லோவ் ஒரு சோதனை செய்தார். நாய் நின்ற அறையின் கதவுக்குக் கீழே ஓசையில்லாமல் சிறிது தண்ணீரைக் கசியவிட்டார். தரையில் பரவிய அந்த நீரைப் பார்த்ததும் நாய் பதறியது. பழக்கங்கள் மறுபடி குலைந்தன. நீந்திக் கரைசேர்ந்த நாய்தான் அது. நீச்சல் உயிரைக் காப்பாற்றியது, அச்சத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. குளத்தில் தூக்கிப் போட்டுப் பழக்குவதை ஆதரிப்பவர்கள் முதலில் விடை சொல்ல வேண்டியது இந்த லெனின்கிராட் நாய்களுக்குத்தான்.

சிங்கப்பூரில் இதை ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் வட்டாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாடும் எருமையும் நிறைந்த இடமாக இருந்தது. ரோச்சோர் ஆற்றோரத்துத் தண்ணீரையும் புல்லையும் நம்பித்தான் கால்நடை வணிகம் அங்கே வேரூன்றியது. பஃபலோ ரோடு அந்தக் காலத்தின் மிச்சம். எருமைக்குத் தண்ணீரைப் பழக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. வெயில் ஏறினால் அதுவே சேற்றைத் தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்று அதே சாலையோர அடுக்குமாடியில் வளரும் நாயின் நிலை வேறு. அது அறிந்த தண்ணீர் குளியலறைக் குழாயும், மின்தூக்கியிலிருந்து புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்ததும் முகத்தில் அடிக்கும் மழையும்தான். பொது நீச்சல் வளாகங்களில் நாய்க்கு இடமில்லை. இடுப்பளவு நீரில் கால் ஊன்றாமல் மிதப்பது என்றால் என்னவென்று அதற்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ஆனால் தண்ணீர் மிகவும் பயன்படும் ஊரும் இதுதான். நாய்க்கு உடம்பு முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கிலும் வாய்க்குள்ளும் இருக்கும் ஈரம் ஆவியாவதால்தான் அது பெரும்பாலும் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பகலில் 31 முதல் 33 டிகிரி வெப்பம், காற்றில் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல் ஈரப்பதம் என்றால் அந்த ஆவியாதல் மந்தப்படும். இப்படிப்பட்ட ஊரில் பிற்பகலில் ஒரு நாயை ஓடவிட்டுப் பயிற்சி கொடுப்பதைவிட நீரில் விடுவது எவ்வளவோ மேல்.

இன்னொரு காரணமும் உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வளர்க்க அனுமதிக்கப்பட்டவை 62 சிறிய இனங்கள். பூடில், பொமரேனியன், மால்ட்டீஸ், சிவாவா போன்ற இந்தச் சிறு இனங்களில் முழங்கால் சில்லு இடம் விலகுவது அடிக்கடி வரும் தொல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகும், மூட்டு தேய்ந்த முதுமையிலும், எடை கூடிப் போனாலும் கால்நடை மருத்துவர்கள் நீர்ப்பயிற்சியைப் பரிந்துரைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. பல நாய்கள் முதன்முதலாக ஆழ்ந்த நீரைச் சந்திப்பது அந்த நாளில்தான்: காலில் வலி, புதிய இடம், பழகாத ஆட்கள், காலடியில் தரையில்லை. தண்ணீரையும் வலியையும் சேர்த்து முடிச்சுப் போட இதைவிடப் பொருத்தமான சூழலை வேண்டுமென்றே உருவாக்கினாலும் உருவாக்க முடியாது. நல்ல உடம்போடு இருக்கும்போதே குளத்தைப் பழக்கிவைப்பது பிற்காலத்துக்கான முன்னேற்பாடு.

குளத்தோரத்தில் நிற்கும் நாய்க்கு என்ன தெரிகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். 1960இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் எலினோர் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் ஒரு கனத்த கண்ணாடிப் பலகையைப் பாதி தரையோடு ஒட்டியும் பாதி வெறும் பள்ளத்துக்கு மேலேயும் இருக்குமாறு அமைத்து, குழந்தைகளையும் பலவகை விலங்குக் குட்டிகளையும் அதில் விட்டுப் பார்த்தார்கள். நாய்க்குட்டிகளும் அதில் இருந்தன. கண்ணாடி தாங்கும் என்றாலும் பெரும்பாலான உயிர்கள் பள்ளத்தின் பக்கம் போக மறுத்தன. விழுந்து அடிபட்ட அனுபவம் அதற்குத் தேவைப்படவில்லை. கண் ஆழத்தைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. தெள்ளத் தெளிந்த நீரும் வெளிர்நீல ஓடும் கொண்ட நீச்சல்குளம் அந்தக் கண்ணாடிப் பள்ளத்தைப் போன்றதே. கலங்கிய குட்டையில் தயங்காமல் இறங்கும் நாய் குளத்தோரத்தில் மட்டும் நகங்களை ஊன்றிக்கொண்டு பின்வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கூடவே நிறச் சிக்கலும் இருக்கிறது. 1989இல் நைட்ஸ், கைஸ்ட், ஜேக்கப்ஸ் ஆகிய மூவர் நடத்திய சோதனைகள், நாயின் கண்ணில் நிறம் காணும் உயிரணுக்கள் இருவகை மட்டுமே என்று காட்டின. நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகப் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் குழம்பும். நீல ஓட்டின் மேல் நீலப் படிக்கட்டு அமைத்தால் அது நாயின் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. படியின் விளிம்பில் மஞ்சள் பட்டையோ, சரிவுப் பாதையின் மேல் மஞ்சள் விரிப்போ போட்டுவிட்டால் வெளியேறும் வழி தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். சின்ன வேலைதான். ஆனால் நீச்சல்குளத்தில் மாட்டிக்கொள்ளும் நாய் களைத்துப் போவதே, விழுந்த இடத்துச் சுவரையே திரும்பத் திரும்பப் பிராண்டிக்கொண்டு, நாலு முழம் தள்ளியிருக்கும் படியைக் காணாமல் போவதால்தான்.

வெளியேறும் வழியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அடிப்படை, 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் பென்சில்வேனியாவில் நடத்திய சோதனை. இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள். நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்த சோதனை அது. ஒரு குழுவின் நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். இன்னொரு குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சி, ஆனால் நிறுத்தும் வழி கிடையாது. பிறகு இரண்டு குழுக்களையும் ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற பெட்டிக்குள் விட்டபோது, முதல் குழு உடனே தாண்டியது. இரண்டாவது குழுவின் பெரும்பகுதி தப்பிக்க முயலாமல் கிடந்தது. மூன்றாவதாக ஒரு முடிவும் கிடைத்தது. நம் விஷயத்துக்கு முக்கியமானது அதுதான். முன்கூட்டியே தப்பிக்கக் கற்றிருந்த நாய்களைப் பிறகு தப்பிக்க முடியாத அதிர்ச்சிக்கு ஆளாக்கியபோதும் அவை முடங்கிப்போகவில்லை. கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல் அதே இருவரும் எலிகளின் மூளையில் நடந்த ஆய்வுகளை வைத்துத் தங்கள் பழைய விளக்கத்தையே தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தின் முன் முடங்கிப்போவது கற்றுக்கொள்ளும் பாடம் அல்ல, அது மூளையின் இயல்பான எதிர்வினை. "இது என் கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்பதைத்தான் மூளை கற்கிறது, நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதி அதைக் கண்டறிந்து அச்சத்தின் சுற்றை அடக்குகிறது என்றார்கள். இதைக் குளத்துக்குக் கொண்டுவந்தால், படியேறி வெளியே வரத் தெரிந்த நாய் ஒரு நாள் தவறி ஆழத்தில் விழுந்தாலும் பதறாமல் படியை நோக்கித் திரும்பும் என்று எதிர்பார்க்க நல்ல காரணம் இருக்கிறது. தூக்கிப் போடப்பட்ட நாய்க்கு அந்தக் கட்டுப்பாடு முதல் கணத்திலேயே பறிக்கப்பட்டுவிடுகிறது.

ஆகவே முதல் நாள் பாடம் வறண்ட தரையிலும் முதல் படியிலுமே முடிந்துவிடலாம். மிதவைச் சட்டையை வீட்டிலேயே சில நாள் போட்டுக் கழற்றி, அதன் வார் இறுகும் ஓசையைப் பழக்கிவிட வேண்டும். குளத்தில், கணுக்கால் நனையும் முதல் படியில் நாய் தானே ஒரு கால் வைக்கட்டும். வைத்ததும் பாராட்டி, உடனே வெளியே திரும்பிவரச் செய்ய வேண்டும். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. அடுத்த படிக்குப் போகலாமா என்பதை அதன் உடம்பு சொல்லும். உதட்டை நக்குவது, காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரிவது, வால் வயிற்றோடு ஒட்டுவது, எடையெல்லாம் பின்னங்கால்களுக்குப் போய் முன்கால் விரல்கள் விரிந்து ஓட்டைப் பற்றுவது: இவை ஒவ்வொன்றும் "போதும்" என்ற பேச்சு. அப்போது ஒரு படி மேலே திரும்பிவிட வேண்டும். மிகக் கடினமான கட்டம் வயிற்றில் நீர் தொட்டு, பின்னங்கால் தரையை விடும் அந்த நொடி. பயந்த நாய் அப்போது செங்குத்தாக நிமிர்ந்து, முன்கால்களை நீருக்கு மேலே தூக்கித் தண்ணீரைப் படார் படாரென்று அடிக்கும், பின்பகுதி அமிழும், முகத்தில் தானே தண்ணீரை வாரி இறைத்துக்கொள்ளும். இடுப்புக்குக் கீழே கை கொடுத்தோ மிதவைச் சட்டையின் பிடியைப் பற்றியோ உடம்பைக் கிடைமட்டமாக்கினால் அடி அடங்கி, நீச்சலாக மாறும். உடனே முகத்தைப் படியின் பக்கம் திருப்பிவிட வேண்டும். முதல் நீச்சல் உள்ளிருந்து கரைக்கு வருவதாக இருக்கட்டும்; கரையிலிருந்து உள்ளே போவது பிறகு தானாக வரும். சிங்கப்பூரில் குழந்தைகளுக்காக 2010இல் தொடங்கிய 'ஸ்விம்சேஃபர்' பாடத்திட்டமும் முதல் நிலையிலேயே நீரில் இறங்குவதையும் ஏறுவதையும் சேர்த்துத்தான் கற்பிக்கிறது. பிள்ளைக்குத் தரும் அந்த வரிசையை நாய்க்கு ஏன் மறுக்க வேண்டும்?

"எங்கள் நாயைத் தூக்கித்தான் போட்டோம், இப்போது நன்றாக நீந்துகிறதே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது எதை என்று கேட்க வேண்டும். தூக்கிப் போட்ட நாய் விரைந்து கரைக்கு வருவது நீரை விரும்பியதால் அல்ல, நீரிலிருந்து தப்பிக்கத்தான். உண்மையான சோதனை, அடுத்த முறை யாரும் அழைக்காமலே அது தானாக இறங்குகிறதா என்பது. இறங்கினால், அது பெரும்பாலும் லேப்ரடார் போலத் தலைமுறை தலைமுறையாக நீரிலிருந்து பொருளை எடுத்துவரவே வளர்க்கப்பட்ட இனமாக இருக்கும். தூக்கிப் போடாமல் இருந்திருந்தாலும் அது இறங்கியிருக்கும். அஞ்சி ஒதுங்கிய நாயின் கதையை யாரும் பெருமையாகச் சொல்லித் திரிவதில்லை என்பதால் வெற்றிக் கதைகளே காதில் விழுகின்றன. வற்புறுத்தும் பயிற்சி உடம்பில் என்ன செய்கிறது என்பதற்கு அளவுகளும் உண்டு. போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வில், கண்டிப்பும் வலியும் கலந்த பயிற்சிப் பள்ளி நாய்களிடம் பரிசு தந்து பழக்கும் பள்ளி நாய்களைவிட மன அழுத்த நடத்தைகள் கூடுதலாகவும், பயிற்சிக்குப் பின் உமிழ்நீரில் கார்ட்டிசோல் உயர்வு அதிகமாகவும் இருந்தன.

அடுத்த ஆட்சேபம் இன்னும் நுணுக்கமானது. "தின்பண்டம் காட்டி இறக்குவது லஞ்சம்தானே? பண்டம் தீர்ந்தால் நாய் நின்றுவிடும்" என்பார்கள். இதில் கவனிக்க வேண்டியது வரிசை. கோழித்துண்டை ஆழத்தின் மேல் நீட்டி, எட்டிப் பிடிக்கவைத்து, கால் சறுக்கி விழவைத்தால், நாய் கற்பது "கோழி வந்தால் ஆபத்து வரும்" என்றுதான். தண்ணீர் மேல் இருந்த அச்சம் கோழிக்கும் பரவும். நாய் தானாக ஓரடி வைத்த பிறகு, அது நிம்மதியாக நிற்கும் இடத்தில் பண்டம் வந்தால், நீர் இனிய செய்தியாக மாறும். லெனின்கிராட் வெள்ளம் வந்த அதே 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் பீட்டர் என்ற சிறுவனின் முயல் பயத்தை இப்படித்தான் போக்கினார். அவன் விரும்பியதைத் தின்றுகொண்டிருக்கும்போது முயல் கூண்டு தூரத்தில் இருந்தது. அவன் கலங்காத அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் நெருங்கிவந்தது. உணவை வைத்து இழுக்கவில்லை. அவனுடைய அமைதியை அளவுகோலாக வைத்துத்தான் முயலை நகர்த்தினார்.

தத்தெடுத்த தெருநாய்களுக்கு இதெல்லாம் பொருந்துமா என்ற சந்தேகம் நியாயமானது. சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று இங்கே அன்போடு அழைக்கப்படும் கலப்பின நாய்களில் பல கட்டுமானத் தளங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் பிறந்து வளர்ந்தவை. 2012இல் தொடங்கிய 'அடோர்' திட்டத்துக்குப் பிறகுதான் அவை வீவக வீடுகளுக்குள் வர முடிந்தது. ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் தொகுத்துத் தந்த நீண்ட ஆய்வுகளின்படி, நாய்க்குட்டி உலகத்தை அஞ்சாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை. அதைக் கடந்துவிட்ட நாய்க்குப் புதுமை எல்லாம் சந்தேகத்துக்குரியது. இதை வைத்து "இனி பயனில்லை" என்று முடிவெடுப்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. வாசல் முழுவதும் மூடிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. நேரம்தான் கூடுதலாகும். அச்சம் தணிந்தாலும் அழிவதில்லை, புதிய இடத்தில் தலைதூக்கும் என்பதும் கற்றல் ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. ஒரு குளத்தில் பழகிய நாய் இன்னொரு குளத்தில் முதல் படியிலேயே நின்றுவிட்டால் அது பிடிவாதம் அல்ல. அங்கும் வெளியேறும் வழியை முதலில் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சில எல்லைகளை எந்தப் பயிற்சியும் மாற்றாது. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூக்கை நீருக்கு மேலே வைப்பதே போராட்டம். அவற்றுக்கு மிதவைச் சட்டையும் பக்கத்தில் ஆளும் இல்லாமல் நீர் கூடாது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற நம் ஒல்லி வேட்டை நாய்கள் உடலில் கொழுப்பு குறைந்தவை. எளிதில் மிதக்காது, விரைவில் குளிரும். பந்தை வாயில் கவ்விக்கொண்டு திரும்பத் திரும்ப நீந்தும் நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துவிட்டால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். தள்ளாட்டமும் வாந்தியும் கண்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும். தொங்கும் காதுகளைத் துடைத்து உலர்த்தாவிட்டால் இந்த ஈரக்காற்றில் சீழ் பிடிக்கும். குளத்துக்குப் பதில் வடிகாலிலும் குட்டையிலும் இறக்கிப் பழக்கலாமே என்றால், சிங்கப்பூரின் மண்ணிலும் நீரிலும் மெலியாய்டோசிஸ் கிருமி நிலைகொண்டிருக்கிறது. எலிக்காய்ச்சல் கிருமியும் தேங்கிய நீரில் பரவும். பராமரிக்கப்படும் குளமே நல்லது.

மிச்சமிருப்பது நேரமும் பணமும். குளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஊரில், முதல் மணி நேரம் முழுவதும் படியில் நின்று கழிந்தால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலில்தான் பலர் நாயைத் தூக்குகிறார்கள். அன்று மிச்சம் பிடித்த அரை மணி நேரத்துக்கு விலையாக, வாடகை கட்டியும் இறங்க மறுக்கும் நாய் ஆண்டுக்கணக்கில் கிடைக்கலாம். எத்தனை முறை பொறுமையாகப் பழக்கியும் நீர் வேண்டாம் என்று சொல்லும் நாயும் உண்டு. அதன் விருப்பத்தை மதித்து அதிகாலையில் பூங்காவில் நடத்திக் கூட்டிப்போனால் போதும். நாய்க்குளம் நடத்துபவர்களிடம் கேட்கத் தோன்றுவது இவ்வளவுதான்: செங்குத்து ஏணியை எடுத்துவிட்டு வழுக்காத சரிவுப் பாதை போடுங்கள், அதன் விளிம்புக்கு மஞ்சள் பூசுங்கள், புதிதாக வரும் நாய்க்கு முதல் வருகையில் படியைத் தாண்டி இறக்காத குறுகிய, மலிவான ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். வளர்ப்பவர்களும் அந்த முதல் வருகையில் கால் நனைந்த நாயோடு திரும்பிவரத் தயாராகப் போங்கள்.